ஒரே நாளில் பிறந்த மூன்று பேர்

எனக்குக் கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதிகம்தான். அதற்கென்ன இப்போது? திருகி மூடி வைக்க என் வாய் என்ன வால்வா? குழாய்ப் பிரிவில் எனக்குப் பட்டப்பெயர் ‘சரவெடி’. ஒரு தடவை பற்றிக்கொண்டால் கடைசி வெடி வெடிக்கிற வரைக்கும் யாரும் கிட்டே வர முடியாது என்று மேஸ்திரி வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அரசாங்கக் குடிநீர் இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் கூலியாளாக இருந்தேன். முதல் இருபத்து மூன்று வருஷம் தினக்கூலி, கடைசிப் பதினோரு வருஷம் நிரந்தரம். பள்ளம் தோண்டுவேன், குழாய் மாற்றுவேன், வால்வு திருகுவேன். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் என்னை மாதிரி கசிவு கேட்க எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. விடியற்காலையில் வண்டிகள் ஓடத் தொடங்கும் முன்னால், ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றைத் தெருவில் ஊன்றி, மேல் முனையில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பூமிக்குள் குழாய் நன்றாக இருந்தால் சத்தமே வராது. உடைந்திருந்தால் ‘உஸ்ஸ்’ என்று கேட்கும். நான் கை காட்டிய இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். மேஸ்திரியே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் வேறு எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை.

பிரிவில் பழைய ஆட்கள் நாங்கள் மூன்றே பேர். மேஸ்திரி, நான், மையண்ணன். மற்ற இரண்டு பேர் காண்டிராக்டில் வந்தவர்கள். எல்லா வால்வும் வலப்பக்கம் திருகினால் மூடும், கடைத்தெரு வால்வு மட்டும் இடப்பக்கம் திருகினால்தான் மூடும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மூடுகிறேன் பேர்வழி என்று முழுசாகத் திறந்துவிட்டு, பள்ளத்தில் இருந்த என்னைக் குளிப்பாட்டினார்கள். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே வருஷம், ஒரே மாதம், ஒரே தேதியில் பிறந்தவர்கள். நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது.

முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பெரிய குழாய் வெடித்து, கடைத்தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஓவர்சியர் கண்ணில் பட்ட ஆட்களையெல்லாம் கூலிக்குக் கூப்பிட்டார். தையல்காரரான என் வீட்டுக்காரருக்கு நூல்கண்டு வாங்க வந்த நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். குமாஸ்தா நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு, மடியில் பதிவேட்டை வைத்திருந்தார். பிறந்த தேதி என்ன என்று கேட்டார். முதலில் நின்றவர்தான் பின்னாளில் எங்கள் மேஸ்திரி ஆனவர், அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு. தேதி, மாதம், வருஷம், போதாததற்குக் கிழமை வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். அடுத்தது நான்.

“சர்டிபிகேட் வீட்ல இருக்குங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றேன்.

“தண்ணி இங்க இடுப்புக்கு ஏறுது, நீ வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரப்போறியா? முன்னாடி நிக்கிறவருக்குப் போட்டதையே உனக்கும் போட்டுக்கறேன். அப்புறம் திருத்திக்கலாம்.”

எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பிறந்த வருஷமே தெரியாது. அவருக்கும் அதே தேதி. அன்றைக்கு எனக்கு இருபத்தொன்று, பின்னால் நின்றவருக்கு முப்பத்து நாலு. திருத்துகிறேன் என்ற குமாஸ்தா அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். எங்களை நிரந்தரம் ஆக்கியபோது அந்தப் பக்கத்தை அப்படியே பார்த்துப் பணிப் பதிவேட்டில் எழுதினார்கள். எங்களுக்கும் அது பழகிவிட்டது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் மேஸ்திரி மூன்று டீ வாங்கி வந்து, “இந்தாங்க, நம்ம எல்லாருக்கும் பொறந்த நாள்” என்பார்.

பின்னால் நின்றவர்தான் மையண்ணன். அந்தப் பெயர் பிறகு வந்தது. பதிவேட்டில் அவருக்கு ஐம்பத்திரண்டு நடக்கும்போது நிஜத்தில் அறுபது. தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்து, “உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அண்ணன் வேலைக்கு வந்தபோது தலை, மீசை, புருவம் எல்லாம் கன்னங்கரேல். காதில்கூடக் கொஞ்சம் வழிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் தலை வெளுக்க வெளுக்க, அவர் தலை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது.

தலைக்கு மை அடிக்கலாம், முழங்காலுக்கு அடிக்க முடியுமா? எட்டு வருஷமாக அவரால் பள்ளத்தில் இறங்க முடியவில்லை. அவர் பங்கு மண்ணையும் மேஸ்திரியும் நானும்தான் வெட்டிப் போட்டோம். அவர் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து, வண்டிகளைத் திருப்பிவிடச் சொல்லித் தெருமுனையில் நிற்க வைத்தோம். அதையும் உருப்படியாகச் செய்யமாட்டார். “அண்ணே, கொடியைத் தூக்கிப் பிடி! யாருக்குத் துண்டு உலர்த்தறே?” என்று தினமும் கத்துவேன். “கத்தாதே தங்கச்சி, தொண்டை வறண்டுடும்” என்பார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. அண்ணிக்குக் கண் பார்வை பாதிதான். வரப்போகிற பென்ஷன்தான் அவர்களுக்கு எல்லாம்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நாளில் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோதுதான் வினை வந்தது. என் மகள் பழைய பெட்டியை ஒழித்தபோது எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் கணக்குப்படி எனக்கு இன்னும் ஐம்பத்தைந்துதான். அதே வாரம் அலுவலகப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். கூலியாட்களின் பதிவேட்டில் பிறந்த தேதி தவறாக இருந்தால், ஆதாரம் காட்டி ஒரே ஒரு முறை திருத்திக்கொள்ளலாமாம்.

“அம்மா, அஞ்சு வருஷம்மா! எழுதிக் குடு” என்றாள் மகள்.

எழுதிக் கொடுத்தேன். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சம்பளமும் வரும், பென்ஷனும் கூடும். ஆனால் ராத்திரி படுத்தால் நினைப்பில் வந்தது வேறு. மேஸ்திரி போய்விட்டால் அடுத்த மேஸ்திரி நான்தான். முப்பத்து நாலு வருஷமாகக் கம்பியில் காது வைத்தது நான். “இங்கதான்” என்று சொன்னது நான். “தோண்டுங்கடா” என்று சொன்னது மட்டும் அவர். வால்வு திருகும் நீளமான இரும்புச் சாவி அவர் தோளில், ஆட்களைப் பிரித்து வேலை சொல்வது அவர், இன்ஜினியர் வந்தால் பதில் சொல்வது அவர். ஒரே ஒரு தடவை நான் சொல்லி நாலு பேர் தோண்ட வேண்டும். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்பது விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று உத்தரவு போட்டுப் பார்த்தேன் என்றால் நம்புங்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாடியில் சூப்பிரண்டு அம்மா. வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, எங்களில் யார் முகமும் அவருக்குப் பழக்கமில்லை. என் சான்றிதழையும் பூச்சி அரித்த ஒரு பழைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“உங்க விண்ணப்பம் சரியாத்தாம்மா இருக்கு. சிக்கல் வேற இடத்துல. இந்தப் பக்கத்தைப் பாருங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு பேரு. மூணு பேருக்கும் ஒரே தேதி.”

“அது தப்புன்னுதானே மேடம் எழுதியிருக்கேன்?”

“உங்களுக்கு எழுதினது தப்புன்னா, மத்த ரெண்டு பேருக்கு எழுதினது சரின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? மூணு பேரையும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பணும். பல்லு, எலும்பு எல்லாம் பாத்து வயசு சொல்லுவாங்க.”

மையண்ணனுக்குப் பல்லே நாலுதான் இருந்தது.

“யாருக்காவது வயசு கூட இருந்தா?”

“அறுபதுக்கு மேல வாங்கின சம்பளத்தையெல்லாம் திரும்பப் பிடிப்பாங்க. பென்ஷனும் நின்னுடும்.” அவர் பதிவேட்டை மூடினார். “புதன்கிழமை வந்து சொல்லுங்க. விண்ணப்பம் நிக்கணும்னா அன்னைக்கே மூணு பேருக்கும் கடிதம் போகும். வாபஸ்னா பழைய தேதியே இருக்கும்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என் கதை. படியிறங்கி வரும்போது எனக்கு வந்த கோபத்தில் கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது.

மறுநாள் வால்வுக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டார். மையண்ணன் எதிரே தெருமுனையில் கொடியோடு நின்று, யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றேன்.

“உன் வயசு உன்னோடது. நான் என்ன சொல்றது?”

“இல்ல, சொல்லுங்க.”

“சொன்னா கேப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு எண்ணெயை வீணாக்கிட்டு இருக்கேன்” என்று எழுந்து போய்விட்டார். இவரிடம் யோசனை கேட்பதும் குட்டிச்சுவரிடம் கேட்பதும் ஒன்று.

வீட்டில் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் இன்னும் மேல். “நீ அஞ்சு வருஷம் கூடுதலா வேலைக்குப் போனா எனக்கும் நல்லதுதான். காது கொஞ்சம் மிச்சமாகும்” என்றார். பிறகு ஊசியில் நூல் கோத்தபடியே, “பென்ஷன் இல்லாம அந்த மனுஷன் எப்படிப் பொழைப்பாரு?” என்று கேட்டார். தட்டை டொக்கென்று தரையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நான்கு நாள் மண்டை காய்ந்தது. யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. அவர் எட்டு வருஷம் கூடுதலாக இருந்துவிட்டார். அந்த எட்டு வருஷமும் அவர் மண்வெட்டியைச் சேர்த்துப் பிடித்தவள் நான். இப்போது என் ஐந்து வருஷத்தையும் அவருக்கே தூக்கிக் கொடுக்க வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைய வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறதா? விண்ணப்பம் நிற்கட்டும் என்று செவ்வாய்க்கிழமை முடிவு செய்துவிட்டேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை, நல்லவள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

மையண்ணன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முகத்தைப் பார்க்காமல் தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

புதன்கிழமை மேஸ்திரியும் கூட வந்தார். துணைக்காம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போய் சூப்பிரண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“என்னம்மா முடிவு பண்ணினீங்க?”

“விண்ணப்பம்...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார்.

மொட்டைத் தலை. அதில் உப்புத் தூவியது போல வெள்ளையாக நாலு நாள் முளை. மீசை கிடையாது, கன்னம் ஒட்டியிருந்தது. எழுபத்தைந்து இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே முதலில் யாரென்று தெரியவில்லை. இடது காலை இழுத்து இழுத்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது. மையண்ணன்.

“வணக்கம்மா” என்றார். “அந்தப் பக்கத்துல மூணாவது பேரு என்னோடது. மேஸ்திரி விஷயத்தைச் சொன்னாரு. எனக்கு அறுபத்தெட்டும்மா. தெரிஞ்சேதான் வாயைத் தொறக்காம இருந்தேன். இந்தப் பொண்ணு எட்டு வருஷமா என் மண்வெட்டியையும் சேர்த்துப் பிடிச்சுது. அதோட அஞ்சு வருஷத்தை அதுக்கே குடுத்துடுங்க. என்கிட்ட பிடிக்க வேண்டியதைப் பிடிச்சுக்குங்க. போர்டு கீர்டெல்லாம் எதுக்கு? என் தலையைப் பாருங்க, அதுவே சொல்லும்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார், அந்தப் பைத்தியக்கார மனிதர். எதை நினைத்து நான் நாலு நாளாகக் கறுவிக்கொண்டிருந்தேனோ, அதையே நன்றியாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். என் ராசி, கோபம்தான் வந்தது.

“யோவ், யாருய்யா நீ?” என்று எழுந்துவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தங்கச்சி, நான்தாம்மா...”

“யாருக்கு யாருய்யா தங்கச்சி? மேடம், இந்த ஆளை நான் பாத்ததே இல்ல. அரசாங்க ஆபீஸ்னா ஆளாளுக்கு உள்ள வந்து என்ன வேணா பேசலாமா? எங்க ஆளு காய்ச்சல்ல படுத்திருக்காரு!”

“அடிப்பாவி” என்றார் மையண்ணன். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சூப்பிரண்டு அம்மா அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். அட்டையில் காக்கைக் கறுப்பில் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது நீங்களா?” என்றார் அவர்.

“நான்தாம்மா!”

“எங்க ஆளோட கார்டு மேடம் அது. எங்கயாவது தவற விட்டிருப்பாரு, இவரு எடுத்து வெச்சுட்டு வந்து நிக்கிறாரு” என்றேன். அவ்வளவு வேகமாகப் பொய் சொல்ல என்னால் முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “வேணும்னா எங்க மேஸ்திரியைக் கேளுங்க. வெளியதான் இருக்காரு.”

மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் கதவருகிலேயே நின்று ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். பிறகு மையண்ணனைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து வந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். அந்த நேரத்திலும் அந்த மனிதருக்கு விளையாட்டு.

“எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்கு” என்று இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. “ஆனா எங்க ஆளு இல்லீங்க. எங்க ஆளு தலையில ஒரு வெள்ளை முடி காட்டுங்க பாப்போம். பாவம், யாரோ பெரியவரு. வெயில்ல வந்ததுல என்னவோ பேசறாரு. நான் கூட்டிட்டுப் போயி வீட்ல விட்டுடறேன்.”

“டேய், நீயுமாடா?” என்று மையண்ணன் கத்தக் கத்த, தோளில் கைபோட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் முழு மனிதனையே மறைத்தோம்.

சூப்பிரண்டு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“சரி. உங்க மேஸ்திரிக்கு என்ன வயசு?”

“அறுபது மேடம்.”

“காய்ச்சல்ல படுத்திருக்காரே, அவருக்கு?”

“அவருக்கும் அறுபது.”

“உங்களுக்கு?”

என் சான்றிதழ் அவர் கைக்குக் கீழேயே இருந்தது. ஐம்பத்தைந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வால்வுச் சாவி என் தோளுக்கு வந்துவிடும். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு வந்தது.

“அறுபது” என்றேன்.

அவர் சான்றிதழை என் பக்கம் தள்ளினார். “அப்ப இது யாரோடது?”

“என் தங்கச்சியோடதா இருக்கும் மேடம்.”

“உங்க பேர்தானே போட்டிருக்கு?”

“எங்கப்பா எல்லாருக்கும் ஒரே பேருதான் வெச்சாரு. கூப்பிடறதுக்குச் சுலபமா இருக்கும்னு.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பி வந்தபோது முகம் சரியாக இருந்தது. “நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?” என்று மெல்லக் கேட்டார். நான் தலையாட்டினேன். வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். மையண்ணனின் அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்து, “இதை உங்க ஆள்கிட்ட சேர்த்துடுங்க. காய்ச்சல் சீக்கிரம் சரியாகட்டும்” என்றார்.

கீழே கடைசிப் படியில் மையண்ணன் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேஸ்திரி.

“முப்பத்து நாலு வருஷம் ஒண்ணா மண்ணு அள்ளியிருக்கோம். யாருய்யா நீன்னு கேட்டுட்டியே” என்றார் என்னைப் பார்த்ததும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதருக்கு நடந்தது எதுவுமே புரியவில்லை!

“வாயை மூடு அண்ணே! உன்னைத் தெரியும்னு சொல்லியிருந்தா பென்ஷன் போயிருக்கும். எட்டு வருஷச் சம்பளத்துக்கு உன் வீட்டுச் சட்டி பானையை எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அண்ணிக்கு யாரு கஞ்சி ஊத்துவா? யாரு உன்னை வரச் சொன்னா? அதுவும் மொட்டை அடிச்சுக்கிட்டு!”

“மை போனாத்தானே வயசு தெரியும்?” என்றார் பரிதாபமாக. “அப்ப உன் அஞ்சு வருஷம்?”

“போச்சு.”

“மேஸ்திரி வேலை?”

“அதான் போச்சுன்னு சொல்றேனில்ல!”

அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். “எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சுண்ணே. ரொம்ப வேணும்னு இருந்துச்சு” என்றேன். மையண்ணனும் கூடச் சேர்ந்து அழுதார். அவர் எதற்கு அழுதார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லா அழுங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரம் ஆளைக் காணோம்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதம். என்னிடம் நீட்டினார். அலுவலக முத்திரை போட்ட உத்தரவு. மேஸ்திரி நாளை முதல் ஓய்வு பெறும் நாள் வரை பத்தொன்பது நாள் ஈட்டிய விடுப்பில் செல்வதாகவும், அந்த நாட்களில் அடுத்த நிலையில் உள்ள தொழிலாளி மேஸ்திரியாகப் பொறுப்பு வகிப்பார் என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். எடுக்காத விடுப்புக்கு ஓய்வு பெறும்போது நாளுக்கு ஒரு நாள் சம்பளம் உண்டு என்பதற்காக, கால் எலும்பில் விரிசல் விட்டபோதுகூடக் கட்டோடு வேலைக்கு வந்தவர். அந்தப் பணத்தில் பேத்திக்கு என்ன வாங்குவது, கூரைக்கு என்ன போடுவது என்று பதினோரு வருஷமாக எங்கள் காதை அறுத்தவர். அதில் பத்தொன்பது நாளைக் கொண்டுபோய் மாடியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“என்ன மேஸ்திரி இது?” என்றேன்.

“ஒரே அலுப்பா இருக்கு. லீவு போடலாம்னு தோணுச்சு” என்றார். “இவனை என்ன பண்றதுன்னு நீயே யோசிச்சுக்க. நாளைலருந்து உன் ஆளு.”

மையண்ணன் கண்ணைத் துடைத்தார். “முடியே இல்ல, எதுல மை அடிக்கிறது?”

“தொப்பி வாங்கிப் போட்டுக்க அண்ணே” என்றேன். “அதுவும் கறுப்புத் தொப்பி.”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைத்தெருவில் கசிவு. வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். காண்டிராக்ட் ஆட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு பின்னால் வந்தார்கள். கறுப்புத் தொப்பி போட்ட மையண்ணன் கொடியோடு தெருமுனைக்குப் போனார். கம்பியில் காதை வைத்தேன், இரண்டு எட்டு நகர்ந்து வைத்தேன், கேட்டது. “இங்க தோண்டுங்கடா” என்றேன். தோண்டினார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். எதிர்ச் சாரியில், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மேஸ்திரி நின்றிருந்தார். மெல்லத் தெருவைக் கடந்து குழி பக்கம் வந்தார்.

“சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றார். ஒரு நிமிஷம் பொறுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. “டேய், மண்ணை அந்தப் பக்கம் போடுங்கடா. இன்னும் கொஞ்சம் இடது பக்கமா...”

“லீவுல இருக்கறவங்க ஓரமா நில்லுங்க!” என்று ஒரு சத்தம் போட்டேன். தெருமுனையில் மையண்ணன் கொடியை நிமிர்த்திப் பிடித்தார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “சரிங்க மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு, போய் ஓரமாக நின்றார். பத்தொன்பது நாளும் வந்தார். பத்தொன்பது நாளும் ஓரமாகவே நின்றார்.